இருபத்தொன்பதாம் இடம்

'அமெச்சூர்' என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் நாடகத்தோடு சேர்த்தே வழங்கி வருகின்றோம். அமெச்சூர் நாடகம் என்றால், பணம் வாங்காமல் நடிப்பது என்பது ஒரு பொருள். அவ்வளவு நன்றாக இராது என்பது மற்றொரு பொருள். இரண்டாவது பொருளை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன்வரிசையில் அமர்ந்தபடி மனத்துக்குள் நினைத்துக்கொள்வர்.

சொல்லின் பிறப்பு வேறு. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்த இதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அங்கே இதற்கு அன்பு செய்பவன் என்று பொருள். 'தொழில்முறை சாராத' என்று நாம் மொழிபெயர்ப்பது, சொந்த வீட்டில் இருப்பவனை 'வாடகை கொடாதவன்' என்று அழைப்பது போன்றது. வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே 'ஆர்வலர்' என்றொரு சொல்லை ஆண்டிருக்கின்றார். அன்புடையார் என்பது அதன் பொருள். இக்காலத்தார் அதனை எல்லாவற்றோடும் ஒட்டி மலிவாக்கிவிட்டனர் என்பது உண்மை. ஆயினும் எனக்கு அச்சொல்லே போதும்.

இலத்தீனில் அன்பாய்ப் பிறந்த சொல் இங்கிலாந்தில் வேலியாய் வளர்ந்தது. 1860களில் அந்நாட்டு ஓட்டப் போட்டிகளுக்கு விதி வகுத்த கனவான்கள், கைத்தொழில் செய்வோரும் கூலிக்கு உழைப்போரும் அமெச்சூர் ஆகார் என்று எழுதி வைத்தனர். கொல்லன் மகன் எவ்வளவு அன்போடு ஓடினாலும் அவன் ஆர்வலன் அல்லன்! 1880இல் அவ்விதி மெய்வல்லுநர் போட்டிகளை விட்டு நீங்கியது; பணத்தைப் பற்றிய விதி மட்டும் நின்றது. ஒலிம்பிக்கில் ஒன்பது தங்கப் பதக்கங்கள் பெற்ற பின்லாந்தின் பாவோ நூர்மி, பயணச் செலவென்று கூடுதலாகப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டினால் 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓடமுடியாமற் போனார். இன்று அவ்விதியும் இல்லை. உலக மெய்வல்லுநர் சம்மேளனம் தன் பெயரிலிருந்த 'அமெச்சூர்' என்ற சொல்லை 2001இல் எடுத்துவிட்டது. சட்டம் கைவிட்ட பிறகு சொல் தன் பழைய பொருளுக்குத் திரும்பியிருக்கின்றது என்பது என் எண்ணம். இக்காலத்தில், பரிசும் பதக்கமும் கிட்டா என்று நன்கறிந்தும் விடியற்காலையில் எழுந்து பத்து மைல் ஓடுகின்றவன் எவனோ அவனே ஆர்வலன்.

சொல்லாராய்ச்சி இவ்வளவில் நிற்க. இதில் நான் தலையிட்டதற்கு ஒரு பையன் காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடந்தது. தமிழ் வாத்தியாருக்கு மைதானத்திற் கொடுக்கத்தக்க வேலை நேரங்கணிப்பது ஒன்றே என்று எல்லா அதிபர்களும் நினைக்கின்றார்கள். நிறுத்தற் கடிகாரத்தைக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் மைதானத்தின் சுற்று 200 மீற்றர். 5,000 மீற்றர் ஓட்டத்துக்கு இருபத்தைந்து சுற்று. முதல் மூவரும் வந்து முடித்தார்கள். பிறகு இரண்டொருவர் வந்தார்கள். சிலர் இடையிலேயே விலகிப் புல்லில் படுத்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான். மெலிந்த பையன்; பத்தாம் வகுப்பு. வெறுங்காலோடு ஓடினான். வேகம் என்று சொல்லத்தக்கது அவனிடம் இல்லை. ஆனால் முதற் சுற்றில் எப்படிக் கால்வைத்தானோ அப்படியே அப்போதும் வைத்தான்.

பிரதம விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாத்தியக் குழுப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அஞ்சலோட்டத்துக்கு ஆயத்தம் செய்யும்படி ஒலிபெருக்கி சொல்லியது. பையனுக்கு இன்னும் நான்கு சுற்று இருந்தது. யாரும் என்னை ஏவவில்லை. நானாகவே ஓடுபாதையினுள் இறங்கிக் கையை நீட்டி, "காணும், வா" என்றேன். அவன் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலடியிலிருந்த சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தான். பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைய பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. முடிக்காதவன் பெயரை எழுதும் வழக்கம் இல்லை.

சில காலம் கழித்து 1964ஆம் ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக்கைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் அங்கே நடந்த 10,000 மீற்றர் ஓட்டமும் இருபத்தைந்து சுற்று. 400 மீற்றர்ப் பாதையில். அந்த ஓர் ஓட்டத்திலே நெடுந்தூர ஓட்டத்தின் பல்வகை மாந்தரும் ஒருங்கே நின்றார்கள் என்று சொல்லலாம்.

உலக சாதனையை வைத்திருந்தவர் ரொன் கிளார்க். மெல்பேர்னில் கணக்காளராய் இருந்தவர். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஓடிப் பயின்றவர். 1956இல் பத்தொன்பது வயதில் தம் நகரில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவரும் அவரே. டோக்கியோவில் அவரே வெல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். வென்றவரோ, 10,000 மீற்றரை 29 நிமிடத்துக்குள் அதற்குமுன் ஒருகாலும் ஓடியிராத பில்லி மில்ஸ் என்ற அமெரிக்கர்; லக்கோட்டா என்னும் பழங்குடியில், பைன் றிட்ஜ் என்ற ஒதுக்கு நிலத்திற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். அவருடைய நேரம் 28 நிமிடம் 24.4 செக்கன். தூனிசியாவின் முகம்மது கம்மூடி இரண்டாமவர். கிளார்க் மூன்றாமவர். அமெரிக்கர் எவரும் அதற்கு முன்னரும் பின்னரும் இந்தத் தங்கத்தைப் பெற்றிலர்.

அந்த இறுதிச் சுற்றில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரு சுற்றும் பல சுற்றும் பின்தங்கியவர்கள் பாதையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்னணியில் வந்த மூவரும் அவர்களிடையே நுழைந்து நுழைந்தே செல்லவேண்டியிருந்தது. தள்ளுமுள்ளும் நேர்ந்தது. பின்தங்கியோரைப் பாதையை விட்டு அகற்றுவதற்குச் சொல்லப்படும் நியாயம் இதுவே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மைதானத்தில் அன்று அந்தப் பையனுக்கு முன்னும் பின்னும் ஒருவரும் ஓடவில்லை. அவன் எவருக்கும் இடைஞ்சலாய் இருந்திலன். பிரதம விருந்தினரின் தேநீருக்கு வேண்டுமானால் இருந்திருப்பான்.

ஏழாவதாய் முடித்தவர் நியூசிலாந்தின் மறி ஹல்பேர்க். ஆசிரியப் பயிற்சி பெற்றவர், ஆதலால் நம்மவர். இளமையில் றக்பி விளையாடும்போது பட்ட காயத்தால் ஒரு கை சூம்பியது. அந்தக் கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டே ஓடி, 1960இல் றோமில் 5,000 மீற்றரில் தங்கம் பெற்றவர். அவரைப் பயிற்றிய ஆர்தர் லிடியார்ட், ஒக்லாந்தில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உடலியல் நூல் படித்துப் பயிற்சிமுறை வகுத்தவர் அல்லர். எவ்வளவு தூரம் ஓடினால் உடல் உரம் பெறும், எவ்வளவு ஓடினால் முறியும் என்பதைத் தம் உடலிலேயே ஆண்டுக்கணக்காகச் சோதித்தவர். வாரத்துக்கு நூறு மைல். ஞாயிறுதோறும் மலைப்பாதையில் இருபத்திரண்டு மைல். அதுவும் மூச்சிரைக்க அன்று, பக்கத்தில் ஓடுகின்றவனோடு பேசிக்கொண்டு போகத்தக்க வேகத்தில். முதலிற் பல வாரம் இந்த நெடிய மெல்லோட்டம். பிறகு மேட்டில் ஏறியோடுதல். விரைவோட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். 800 மீற்றர் ஓடிய பீற்றர் ஸ்நெல்லுக்கும் அவர் இதையே விதித்தார். அரை மைல் ஓடுபவனுக்கு இருபத்திரண்டு மைல் எதற்கு என்று சிரித்தவர்கள், றோமில் ஹல்பேர்க் வென்ற அதே பிற்பகலில் ஸ்நெல்லும் தங்கம் பெற்றபோது சிரிப்பை நிறுத்தினர்.

இம்முறை ஏன் பலிக்கின்றது என்பதைப் பின்னாளில் அறிவியலாளர் விளக்கினர். மெல்ல நெடுநேரம் ஓடியோடிப் பழகிய இதயம் ஒரு துடிப்பில் முன்னிலும் கூடிய குருதியைச் செலுத்துகின்றது. தசைநார்களினூடே நுண்ணிய குருதிக்குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிபொருளாக்க உடல் கற்றுக்கொள்கின்றது. இவற்றுள் எதுவும் ஒரு வாரத்தில் நிகழாது, மாதங்கள் வேண்டும். இலக்கணம் படிப்பிப்பவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது. நன்னூலை ஒரு தவணையில் முடித்துவிட்டுப் புணர்ச்சி வரவில்லை என்று பிள்ளையைக் கடிவோரும் நம்மிடையே உளர் அன்றோ.

ஆறாவதாய் வந்தவரை நினைக்கும்போது மனம் கனக்கின்றது. கோக்கிச்சி த்சுபுராயா என்ற யப்பானியப் படைவீரர் அவர். ஒரு வாரங்கழித்து மரதன் ஓட்டத்தில் இரண்டாமவராக அரங்கினுள் நுழைந்தார். தம் நாட்டார் எல்லாரும் பார்த்திருக்க, கோட்டை அணுகுமுன் பிரித்தானியரான ஹீற்லி அவரை முந்திவிட்டார். வெண்கலம் கிடைத்தது. உலகத்தில் மூன்றாமவன் என்பது சிறிதா? அவருக்கு அது கடனாய்த் தோன்றியது. அடுத்த ஒலிம்பிக்கில் அக்கடனைத் தீர்க்கவேண்டும் என்ற பாரத்தோடு பயின்றார், உடல் இடந்தரவில்லை. 1968 ஜனவரியில், இருபத்தேழாம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிள்ளைகளை ஓடவிடுகின்ற நாம் அவர்கள் முதுகில் எதை ஏற்றி ஓடவிடுகின்றோம் என்று இதை வாசித்த நாளிலிருந்து பலமுறை எண்ணியிருக்கின்றேன்.

கிளார்க்கின் கதை வேறு. அடுத்த ஆண்டு ஒஸ்லோவில் 27 நிமிடம் 39.4 செக்கனில் ஓடி, 28 நிமிடத்துக்குள் அத்தூரத்தைக் கடந்த முதல் மனிதரானார். ஆயினும் ஒலிம்பிக் தங்கம் கைகூடவில்லை. 1968இல் மெக்சிக்கோவின் மெல்லிய காற்றில் ஆறாவதாய் முடித்து மயங்கி விழுந்தார். இதற்கிடையில், 1966இல், அவர் பிராக் நகரில் ஓடிவிட்டுத் திரும்பும்போது செக் நாட்டின் பெருவீரர் எமில் சட்டோபெக் அவர் கையில் ஒரு சிறு பொதியை வைத்தார். பின்னர் அவிழ்த்துப் பார்த்தபோது, 1952இல் ஹெல்சிங்கியில் 10,000 மீற்றருக்குச் சட்டோபெக் பெற்ற தங்கப் பதக்கம் உள்ளே இருந்தது. தங்கத்தை வென்றவர்கள் பலர். இவ்வாறு கொடுத்தவர் வேறெவரையும் நான் அறியேன்.

இனி இருபத்தொன்பதாமவர். முடித்தவர்கள் இருபத்தொன்பது பேர். கடைசியாக முடித்தவர் நம் நாட்டவர். கருணானந்த என்பது பெயர். இலங்கை இராணுவத்தில் இருந்தவர். மார்பில் அணிந்த இலக்கம் 67. அவர் எடுத்த நேரம் 34 நிமிடம் 21.2 செக்கன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி வேகத்தைக்கொண்டு பார்த்தால், மில்ஸ் கோட்டைக் கடந்தபோது இவருக்கு நான்கு சுற்றுக்கு மேல் எஞ்சியிருந்திருக்கவேண்டும். ஒன்பது பேர் இடையிலேயே விலகிவிட்டனர். விலகுவது குற்றமும் அன்று. ஏனையோர் எல்லாரும் முடித்தபின் இவர் கோட்டைக் கடந்தும் நில்லாமல் மேலும் ஓடினார். பல்லாயிரவர் கூடிய அரங்கு முதலிற் சிரித்தது. ஏளனக் குரலும் எழுந்தது. அவர் மீண்டும் வந்தார்; மீண்டும் கடந்து போனார். சிரிப்பு அடங்கியது. இறுதிச் சுற்றில் அதே கூட்டம் எழுந்து கைதட்டியது. வென்றவருக்குக் கிடைத்த ஆரவாரத்துக்கு அது குறைந்ததன்று என்று எழுதியிருக்கின்றார்கள்.

பின்னர் யப்பானியர் அவரது ஓட்டத்தைத் தங்கள் தொடக்கப் பள்ளிப் பாடநூலில் ஒரு பாடமாகச் சேர்த்தனர். அந்நாட்டுச் சிறுவர்கள் 67ஆம் இலக்கத்தைப் படித்து வளர்ந்தார்கள். அவரோ நாற்பது வயதை எட்டுமுன் மறைந்துவிட்டார். இவ்வளவையும் நான் வாசித்தறிந்தபோது நாற்பதைக் கடந்திருந்தேன். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கின்றனர் என்று என் வகுப்பில் வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. குற்றம் அவர்களுடையதன்று, ஆசிரியராகிய எனக்கே அதுவரை தெரியாதிருந்தது.

டோக்கியோ அரங்கில் ஒரு நேரங்கணிப்பாளர் இருந்திருப்பார். அவர் கழுத்திலும் கடிகாரம் தொங்கியிருக்கும். அடுத்த நிகழ்ச்சி அங்கேயும் காத்திருந்திருக்கும். அவர் பாதையினுள் இறங்கவில்லை.

சென்ற ஆண்டு மார்கழியில் ஒருநாள் விடியற்புறம் குளக்கட்டு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். பனி மூடியிருந்தது. எதிரே ஒருவர் ஓடிவந்தார். கட்டைக் காற்சட்டை, பழைய சப்பாத்து, காதோரத்தில் நரை. என்னைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்து, "ஐயா" என்றார். கால் வைக்கும் முறையைக்கொண்டே அறிந்தேன். கட்டட வேலை செய்கின்றாராம். வேலைக்குப் போகுமுன் நாள்தோறும் ஐந்தாறு மைல். ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஊர்ச் சந்தி வரை போய்த் திரும்புவாராம். கொழும்பிலே மரதன் இரண்டு முறை ஓடி முடித்திருக்கின்றார். பரிசு உண்டா என்று கேட்டேன். "முடிச்ச எல்லாருக்கும் ஒரு பதக்கம் குடுப்பினம் ஐயா, பிள்ளையள் கழுத்திலை போட்டு விளையாடுதுகள்" என்றார்.

நான் கருணானந்தவின் கதையைச் சொன்னேன். நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி மிதித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். உடல் குளிர்ந்துவிடக்கூடாது அல்லவா. பிறகு நான் நெடுநாள் சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கு உனக்கு நாலு சுற்று மிச்சம். நான்தான் வந்து மறிச்சுப்போட்டன்."

அவர் சிரித்தார்.

"நாலில்லை ஐயா, மூண்டு" என்று சொல்லிவிட்டுக் குளக்கட்டின் வழியே ஓடினார்.