பயிற்சி ஆசிரியரும் கற்பித்தல் வடிவமைப்பும்: வலிமிகுதல் பாடத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

கற்பித்தல் பணிக்குப் புதியவராகிய பயிற்சி ஆசிரியர் நாள் பாடத்திட்டம் எழுத அமரும்போது, 'நாளை வகுப்பில் நான் என்ன செய்யப் போகிறேன்?' என்னும் வினாவையே பெரும்பாலும் முதலில் எழுப்புகிறார். பீடிகைக்கு ஒரு பாடல், நடவடிக்கைக்கு ஒரு விளையாட்டு, பயிற்றுத்துணைப் பொருளாகச் சில வண்ண அட்டைகள் எனத் திட்டம் நிறைந்துவிடுகிறது. நோக்கம் இறுதியில் எழுதப்படுகிறது. இவ்வரிசையை மாற்றுவதே கற்பித்தல் வடிவமைப்பின் முதற்பாடம். அம்மாற்றத்தின் தேவையை இலக்கணப் பாடம் ஒன்றைக் கொண்டு நாம் இங்கு விளக்க முற்படுகிறோம்.

நோக்கத்தை வரையறுத்தல்

மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் 2011ஆம் ஆண்டு முதல் படிப்படியாக அறிமுகமான தர அடிப்படையிலான கலைத்திட்டம், கற்றல் தரங்களை ஆசிரியருக்கு வகுத்தளித்தது. எனினும், தரத்தை ஒரு நாள் பாடத்தின் நோக்கமாக்கும் பொறுப்பு ஆசிரியருடையதே.

இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' விரிந்து நிற்கும்போது அதன்பின் வல்லினம் மிகும் என்பதைப் பாடமாகக் கொள்வோம். 'மாணவர்கள் வலிமிகுதலைப் புரிந்துகொள்வர்' என்னும் நோக்கம் நமக்கு வழிகாட்டுவதில்லை. புரிதல் கண்ணுக்குப் புலனாவதன்று. மாணவர் செய்துகாட்டும் செயல், அதற்குரிய சூழல், ஏற்கத்தக்க தர அளவு ஆகிய மூன்றும் நோக்கத்தில் அமைதல் வேண்டும் என்பது இராபர்ட் மேகர் 1962இல் வெளியிட்ட நூலின் கருத்தாகும். அதன்படி நம் நோக்கம், 'ஒற்று நீக்கப்பட்ட பத்தியில், வலிமிக வேண்டிய ஐந்து இடங்களுள் நான்கிலேனும் மாணவர் உரிய ஒற்றை இடுவர். மிகாத இடங்களை அவ்வாறே விடுவர்' என அமையும்.

மதிப்பீட்டை முற்படுத்தல்

நோக்கம் தெளிவுற்றதும் மதிப்பீட்டுப் பத்தியை எழுதிவிடுதல் நன்று. அதில் 'தமிழைக் கற்றான்' போன்ற தொடர்கள் மட்டும் இருப்பின், எங்கும் ஒற்றிடும் மாணவரும் வெற்றி பெறுவார். ஆகவே 'தமிழை விரும்பினான்', 'தமிழ் கற்றான்' ஆகியனவும் இடம்பெற வேண்டும். முன்னதில் வருமொழி வல்லினத்தில் தொடங்கவில்லை. பின்னதில் உருபு தொக்கு நிற்கிறது.

இவ்வமைப்பில் பிழையே நமக்குச் செய்தி சொல்லும். 'தமிழ்க் கற்றான்' என எழுதுபவர் வருமொழியை மட்டும் நோக்குகிறார். 'தமிழைவ் விரும்பினான்' என எழுதுபவருக்கு வல்லின எழுத்துகளில் தெளிவில்லை. இருவருக்கும் ஒரே குறைநீக்கல் பயிற்சி பயன்தராது.

நடவடிக்கையும் சிந்தனை மீட்சியும்

மொழிக்கு முதலில் வரும் வல்லினங்கள் க, ச, த, ப ஆகிய நான்கன் வருக்கங்களே என்பதையும், உருபைக் கண்டறியும் திறனையும் மாணவர் முன்னரே பெற்றுள்ளனரா எனப் பீடிகையிலேயே அறிந்துகொள்ளலாம். பாடலும் அட்டையும் அதன்பின்னரே தம் இடத்தைப் பெறும். நோக்கத்திற்கு உதவாத நடவடிக்கை, எத்துணைக் கலகலப்பானதாயினும், நீக்கத்தக்கதே.

'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' எனச் சிந்தனை மீட்சியில் எழுதுவது எளிது. ஆரவாரமிக்க வகுப்பில் ஒன்றும் கல்லாமல் அமைதியாக அமர்ந்திருந்த மாணவரை அவ்வாக்கியம் மறைத்துவிடுகிறது. எவர் எவ்விடத்தில் பிழைத்தார் என்று எழுதினால், மறுநாள் திட்டம் அங்கிருந்தே தொடங்கும்.

முடிவுரை

இச்சிந்தனை நம் மரபுக்குப் புதியதன்று. சொல்லவேண்டிய பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, கொள்வோன் ஏற்கும் வகையறிந்து கற்பிக்க வேண்டும் என நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியருக்கு உரைக்கிறது. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடு என இக்காலத்தார் வகுக்கும் ஐந்து படிநிலைகளும் கற்போனிடமிருந்தே தொடங்குகின்றன. எனவே பயிற்சி ஆசிரியர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, 'பாடத்தின் இறுதியில் என் மாணவர் எதைச் செய்ய வல்லவராவார்?' என்பதேயாகும்.