முதுமையும் ஆயுட்காப்புறுதிப் பத்திரமும்

ஆயுட்காப்புறுதி என்பது, ஒருவன் இறந்த பின்னர் அவனை நம்பி வாழ்ந்தோர் பொருளின்றி அல்லலுறா வண்ணம், அவன் தன் உழைப்புக் காலத்திலேயே செய்துவைக்கும் ஏற்பாடாகும். இளங்குழந்தைகளின் தந்தைக்கு அதன் இன்றியமையாமை வெளிப்படை. ஆயின், அவனே எழுபது வயதை எய்துங்கால் நிலைமை மாறிவிடுதல் கூடும். மக்கள் தத்தம் காலில் நிற்பர், மனைவி முன்னரே மறைந்திருப்பாள், கடன்கள் தீர்ந்திருக்கும். பத்திரம் மட்டும் ஆண்டுதோறும் கட்டுப்பணத்தை வேண்டி நிற்கும். தேவை ஒழிந்த இப்பத்திரத்தை அவன் பிறனுக்கு விற்றல் தகுமா? இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நெடுங்காலம் ஆராயப்பெற்ற இவ்வினாவை ஈண்டு நோக்குவாம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தமக்கு எவ்வகைத் தொடர்புமில்லாத பிறர் உயிர்மீது காப்புறுதி செய்து, அவர் இறப்பை எதிர்நோக்கிச் சூதாடும் வழக்கம் பரவியிருந்தது. 1774 ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடுத்தது. ஒருவர் உயிர்மீது காப்புறுதி செய்வோர், அவ்வுயிர் நிலைத்திருத்தலில் தமக்கு உண்மையான நலன் உடையோராய் இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். இக்கோட்பாடு ‘காப்புறுதிக்குரிய நலன்’ எனப்படும்.

எனினும், முறைப்படி எழுந்த பத்திரம் பின்னர் கைமாறுவதைப் பற்றிய சிக்கல் தீரவில்லை. 1844 இல் இலண்டனுக்குச் சென்ற எலிசூர் றைற் என்னும் அமெரிக்கர், கட்டுப்பணம் செலுத்த வலியற்ற முதியோரின் பத்திரங்கள் அங்கு ஏலத்தில் விற்கப்படுதலைக் கண்டார். அம்முதியோர் விரைவில் இறப்பின் வாங்கியோனுக்கு இலாபம். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் உழைத்த அவர் உள்ளத்தை இக்காட்சி வருத்தியது. ஆயினும் அவர் குற்றத்தின் வேரை வேறிடத்தே கண்டார். ஆண்டுதோறும் ஒரே அளவாகச் செலுத்தும் கட்டுப்பணம், இளமையில் இறப்பு நேரும் வாய்ப்புக்கு வேண்டியதினும் மிகுதியானது. அம்மிகுதி சேர்ந்து, முதுமையில் ஏறும் செலவை ஈடுசெய்யும் ஒதுக்காகிறது. ஆதலின், பத்திரத்தைக் கைவிடும் முதியவருக்கு ஒன்றுமே கொடாது விடுதல், அவர் சேமிப்பைக் கவர்தலை ஒக்கும். மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் காப்புறுதி ஆணையாளராய்ப் பணியாற்றிய றைற்றின் முயற்சியால், பத்திரத்தின் பயன் முற்றாக இழக்கப்படாமல் காக்கும் சட்டம் அங்கு 1861 இல் எழுந்தது. கைவிடுவோருக்குக் கம்பனி பணமாகவே கொடுக்கவேண்டும் என்னும் விதி 1880 இல் தொடர்ந்தது. இன்று ‘ஒப்படைவுப் பெறுமதி’ எனப்படுவதற்கு இச்சட்டங்கள் வழிவகுத்தன.

அடுத்த திருப்பம் 1911 இல் நேர்ந்தது. பேர்ச்சாட் என்பவருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. அவர் தம் பத்திரத்தை கிறிக்ஸ்பி என்னும் வைத்தியருக்கு 100 டொலருக்கு விற்றார்; எஞ்சிய கட்டுப்பணத்தை வைத்தியரே செலுத்த உடன்பட்டார். பேர்ச்சாட் இறந்தபின் வழக்கு அமெரிக்க உயர்நீதிமன்றத்தை எட்டியது. நீதியரசர் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ், நன்னோக்குடன் எழுந்த பத்திரம் ஏனைய சொத்துக்களைப் போன்றதே. அதனை விற்கும் உரிமையை மறுத்தல் அதன் பெறுமதியைக் குறைப்பதாகும் எனத் தீர்த்தார். தொடக்கத்திலேயே சூதாட்டத்தை மறைக்கும் போர்வையாக எழுந்த பத்திரத்துக்கு இது பொருந்தாது எனவும் வரையறுத்தார். நலன் பத்திரம் பிறக்கும்போது வேண்டும். விற்கும்போது வேண்டியதில்லை என்பதே இதன் கருத்து.

1980 களில் எயிட்ஸ் நோயாளர் தம் இறுதிக்காலச் செலவுக்காகப் பத்திரங்களை விற்கத் தொடங்கியமையால் இவ்வணிகம் விரிந்தது. 1996 அளவில் புதிய மருந்துகள் அவர்தம் ஆயுளை நீட்டியபோது, வாங்கியோர் பலர் நட்டமடைந்தனர். பிறன் வாழ்வு நீள்வதே தமக்கு இழப்பாக முடியும் இவ்வணிகத்தின் இயல்பு அன்று யாவர்க்கும் புலனாயிற்று. அதன்பின் வணிகர் பெரிதும் முதியோரின் பத்திரங்களை நாடினர்.

கணக்கொன்றால் இதனை விளக்குவாம். காப்புத்தொகை 100,000 டொலர். ஒப்படைவுப் பெறுமதி 10,000. ஆண்டுக் கட்டுப்பணம் 4,000 எனக் கொள்வோம். ஒருவர் இதனை 20,000 கொடுத்து வாங்குகிறார். முதியவர் ஐந்தாண்டில் இறப்பின் வாங்கியவர் செலவு 40,000; இலாபம் 60,000. இருபதாண்டு வாழ்ந்தாலோ செலவும் 100,000 ஆகிவிடும். வட்டியைக் கருதின் நட்டமே. ஆகவே, குறுகிய ஆயுள் எதிர்பார்க்கப்படுவோருக்கே உயர்ந்த விலை கிட்டும். நலமுடன் இருப்போருக்குக் கொள்வோர் அமைதல் அரிது.

விற்க எண்ணுவோர் சிலவற்றை ஆராய்தல் வேண்டும். தரகர் கூலி விலையில் ஒரு பகுதியை உண்ணும். பெற்ற பணத்துக்கு வரி நேரலாம். வறியோருக்கான அரச உதவி தடைப்படலாம். மருத்துவக் குறிப்புக்கள் பிறர் கைக்குச் செல்லும். விற்றவர் உயிரோடிருக்கிறாரா என்று புதிய உரிமையாளர் அவ்வப்போது விசாரிப்பதும் உண்டு. பிற வழிகளும் உள: கட்டுப்பணத்தை நிறுத்திக் குறைந்த காப்புத்தொகையை ஏற்றல், பத்திரத்தின்மீது கடன் பெறுதல், அல்லது மக்களே கட்டுப்பணத்தைச் செலுத்திப் பின்னர் பயனைப் பெறுதல். விற்பதற்கு முன்னர் இவற்றை மக்களுடன் கலந்து பேசுதல் நன்று. தந்தை 20,000 டொலருக்கு விற்க நினைப்பதைத் தாமே காக்க அவர்கள் விரும்பக் கூடும்.

விற்பதற்கென்றே முதியோரைத் தூண்டிப் பத்திரம் எடுப்பித்த தீயவழக்கமும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தலையெடுத்தது. பழைய சூதே புதுக்கோலம் பூண்டது எனலாம். அமெரிக்க மாநிலங்கள் பல இதனைத் தடுக்கச் சட்டமியற்றின.

இவ்வரலாற்றினின்று தெளிவாவது யாது? முதியவரின் பத்திரம் அவர் உழைப்பின் விளைவு. அதன் முழுப் பெறுமதியையும் அடையும் உரிமை அவர்க்கு உண்டு. கைவிடுவோருக்கு உரியதைக் கொடாத கம்பனியும், நோயாளியின் அவசரத்தை மலிவாகக் கொள்ளும் வணிகனும் அவ்வுரிமைக்கு ஒருங்கே பகையாவர். விற்பனையை முற்றாக விலக்குதலினும், விற்பவர் தம் பொருளின் பெறுமதியை அறிந்து விற்குமாறு சட்டமும் கல்வியும் துணைநிற்றலே சாலச் சிறந்தது.