கிட்டப் போனால் தெரியும் புள்ளி

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ‘கடலூர்’ பலகையை நல்ல பார்வையுள்ளவர் 18 மீட்டரில் நின்று படிக்கிறார் என்றால், 6/18 பார்வையுள்ளவர் அதைப் படிக்க 6 மீட்டர்வரை நெருங்கி வரவேண்டும். மடிக்கணினி முன்னாலும் அவர் செய்வது அதையேதான். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிகிறார்.

இவருக்கு எதற்கு உயர் துல்லியத் திரை என்று தோன்றலாம். மார்கழிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். அதே வாசலில் புள்ளிகளை நெருக்கி வைத்தால் வளைவுகள் நயமாக விழும். திரையின் புள்ளிதான் பிக்சல். தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய 2011-இல் பரவலாக இருந்த 14 அங்குலத் திரைகளில் 1366 × 768 பிக்சல்கள், அதாவது அங்குலத்துக்குச் சுமார் 112. மறு ஆண்டே ஆப்பிளின் 15.4 அங்குல ரெட்டினா திரை அதை 220 ஆக்கியது.

நல்ல கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு நுணுக்கத்தைப் பிரித்தறியும். 6/18 கண்ணுக்கு அதைப்போல மூன்று மடங்கு வேண்டும். 50 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அது 0.44 மி.மீ. பழைய திரையின் பிக்சலோ 0.23 மி.மீ.தான், அவர் கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது. ஆனால் 15 செ.மீ. வரை குனிந்ததும் அந்த எல்லை 0.13 மி.மீ. ஆகிவிடுகிறது. பழைய பிக்சல்கள் படிக்கட்டுபோல் துருத்துகின்றன. ‘ண’வின் சுழிகள் ‘ன’வோடு குழம்புகின்றன. ரெட்டினா பிக்சல் 0.12 மி.மீ.தான், எழுத்து வழவழப்பாக நிற்கிறது. குனிந்து படிப்பவருக்குத்தான் நெருக்கமான புள்ளிகள் கூடுதலாக உதவுகின்றன.

ஒரு பொறி உண்டு. 14 அங்குலத்தில் 1920 × 1080 திரையை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பான ஸ்கேலிங்கை 100 சதவீதத்திலேயே விட்டால், எழுத்து கிட்டத்தட்ட 30 சதவீதம் சிறுத்துவிடும். அதற்காக ரெசல்யூஷனை, அதாவது திரை காட்டும் பிக்சல் எண்ணிக்கையை, குறைத்தால் எழுத்து பெரிதாகும், ஆனால் மங்கும். ஸ்கேலிங்கை 150 அல்லது 200 ஆக்குவதே சரி. விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கியும் வரும்.

கண்புரை உள்ளவருக்குப் பிக்சலைவிடக் கூசாத திரையும் கறுப்புப் பின்னணியும் முக்கியம். பார்வை மிகவும் குறைந்தவருக்கு, திரையை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருளான என்விடிஏ இருக்கிறது.

திரை வாங்கும்போது பார்வை குறைந்தவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்கேலிங்கைக் கூட்டி, ‘கடலூர்’ என்று தட்டச்சு செய்து, வழக்கம்போல் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைசி எழுத்தின் மேலிருக்கும் புள்ளி அவருக்குத் தனித்துத் தெரிகிறதா என்று கேளுங்கள்.