பக்கவாதம் வந்தாலும் மறுபடியும் நடக்கலாம்: கைத்தடியை எந்தக் கையில் பிடிக்கணும்?

காஞ்சீபுரம்,

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் பல குடும்பங்களுக்கு பட்டு நெசவுதான் சோறு போடுகிறது. குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதி மிதிக்கும் நெசவாளிக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்க கை, கால் விழுந்துவிட்டால், வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம்தான்.

"இனி அவ்வளவுதான்" என்று அவரை பாயிலேயே படுக்க வைத்துவிடுவது பெரிய தவறு. முறையாக பயிற்சி கொடுத்தால் பலரும் மறுபடியும் எழுந்து நடக்கலாம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு அடிக்குள் இத்தனை வேலை

நடக்கும்போது ஒவ்வொரு காலும் சுமார் 60 சதவீத நேரம் தரையில் ஊன்றி உடம்பை சுமக்கிறது. மீதி 40 சதவீத நேரம் காற்றில் முன்னால் போகிறது. முதலில் குதிகால் தரையை தொடும். பிறகு முழு பாதமும் படியும். கடைசியில் முன்பாதம் உந்தி தள்ளும்.

கால் காற்றில் போகும்போது முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்கும். அப்படியும் ஒரு கட்டத்தில் கால் விரலுக்கும் தரைக்கும் நடுவே ஒன்றிரண்டு சென்டி மீட்டர்தான் இடைவெளி.

மிதிக்க முடியுது, நடக்க முடியலை

பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு காலை நீட்டி அழுத்தும் பலம் முதலில் திரும்பும். முன்பாதத்தை மேலே தூக்கும் பலம் அவ்வளவு சீக்கிரம் வராது. அதனால் தறி மிதியை அழுத்த முடிந்தவர்கூட வாசற்படியில் விரல் தட்டி விழலாம். சிலர் காலை அரைவட்டமாக வீசி நடப்பதும் இதனால்தான்.

பிசியோதெரபியில் நடையை துண்டு துண்டாக பிரித்து சொல்லித் தருகிறார்கள். நிற்பது, இரண்டு காலிலும் எடையை மாற்றுவது, முழங்காலை மடக்குவது, பாதத்தை தூக்குவது என்று தினமும் பழகணும். பாதம் தொங்கினால் பிளாஸ்டிக் தாங்கி கொடுப்பார்கள். முதல் 3 மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பதால் நாளை கடத்தக்கூடாது.

தடி எந்தக் கையில்?

நோவு உள்ள பக்கத்திலேயே தடி பிடிப்பவர்கள் உண்டு. அது தப்பு. இடது கால் பலவீனம் என்றால் தடி வலது கையில் இருக்கணும்.

ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சாயப் பார்க்கும். அதை இடுப்பு தசை இழுத்துப் பிடிக்கிறது. எதிர்க் கையில் தடி ஊன்றினால், தராசின் நீளமான முனையை தாங்குவதுபோல, கொஞ்சம் அழுத்தினாலே இடுப்புக்கு சுமை நன்றாக குறையும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

கால் இழந்தவர்களுக்கும் வழி

சர்க்கரை வியாதி, விபத்தால் முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்கும் இதே கணக்குதான். அவர்களுக்காக சென்னை ஐ.ஐ.டி. 2022-ல் 'கதம்' என்ற செயற்கை முழங்காலை அறிமுகம் செய்தது. இதில் பல அச்சில் மூட்டு மடங்குவதால் விரல் தரையில் தட்டுவது குறையும்.

வீடு தேடி வந்து பிசியோதெரபி அளிப்பதையும் சேர்த்து, 2021 ஆகஸ்டு 5-ந்தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, "நடைப்பயிற்சி எப்போது, எங்கே?" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.