பானையில் விளையும் பாசிப் பயிர்

அண்மையில் கணக்குத் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினர் இருவர் என்னை அணுகினர். “ஐயா, கழிவு நீரில் பாசி வளர்த்தால் நல்ல விலை போகிறதாமே! எங்கள் சாயத்தொட்டி நீர் வீணாகத்தானே போகிறது. அதில் வளர்க்கச் சங்கத்தில் கடன் கிடைக்குமா?” என்று வினவினர். அவர்களுக்குக் கூறிய விடையை அங்கத்தினர் யாவரும் அறிதல் நலம்.

அடையாற்றை அடுத்த தரமணியில் 1977ஆம் ஆண்டு முதல் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. அதன் முதல் இயக்குநரான சி. வி. சேஷாத்ரி இரசாயனப் பொறியியல் அறிஞர். ஸ்பைருலினா என்னும் சுருள்பாசியைக் கிராமத்துப் பெண்டிரும் வீட்டுப் புறக்கடையில் வளர்க்கலாம் என்று அந்நிலையம் காட்டியது. உலர்ந்த சுருள்பாசியில் நூற்றுக்கு அறுபது பங்கு அளவுக்குப் புரதம் உண்டு. வைட்டமின் ஏ சத்தாக மாறும் கரோட்டினும் அதில் மிகுதி. ஆதலால் கண்ணொளி குன்றும் ஏழைக் குழந்தைகளுக்கு இது உதவும் என்ற நோக்குடன், சிறுவர்களுக்குப் பாசியைக் கொடுத்து ஆராய்ந்து, 1993இல் அறிக்கையும் வெளியிடப்பட்டது.

வளர்க்கும் முறை எளியது. மண்ணில் புதைத்த பானைகளில் நீர் நிரப்பி, சமையல் சோடா, உப்பு, பொட்டாசியம் பாஸ்பேட் ஆகியவற்றைக் கரைத்துத் தூய வித்துப்பாசியை விடவேண்டும். சாண எரிவாயுக் கலத்திலிருந்து வெளிவரும் கழிவையும் மலிவான ஊட்டமாகப் பயன்படுத்தியதுண்டு. வெயில் படவைத்து, நாள்தோறும் மூன்று நான்கு முறை கிளறினால், மூன்று நான்கு நாட்களில் நீர் கரும்பச்சையாகும். சுருள்பாசி நீண்ட இழையாக இருப்பதால், விலையுயர்ந்த இயந்திரம் வேண்டுவதில்லை. நாம் நெருக்கி நெய்யும் துணியே வடிகட்டப் போதும். வடித்த நீரை மீண்டும் பானையில் விட்டால் சோடாச் செலவும் மிச்சமாகும்.

ஆனால் எல்லாக் கழிவும் ஒன்றன்று. பாசி ஊட்டத்தை உறிஞ்சுவது போலவே ஈயம், பாதரசம் முதலிய நச்சு உலோகங்களையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். கழுவினாலும் அவை போகா. ஆகவே சாயநீரும் சாக்கடை நீரும் உணவுப் பாசிக்கு அறவே ஆகா. சாணக் கழிவிலும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். அதில் வளர்ந்ததை மீனுக்கும் கோழிக்கும் தீவனமாக்குவதே உசிதம். மனிதர் உண்பதற்குத் தூய நீரும் தூய உப்புகளுமே வேண்டும். குளத்தில் தானே படரும் பாசியை அள்ளி வித்தாக இடுவதும் ஆபத்து; அவற்றுள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடைய இனங்கள் உண்டு.

ஆகையால் கடன் மனு எழுதுமுன் மூன்று காரியங்களைச் செய்க: நம்பிக்கையான இடத்தில் வித்துப் பெறுக, இரண்டொரு பானையில் வளர்த்துப் பழகுக, விளைந்ததைச் சோதனைச்சாலையில் காட்டி, உணவுப் பாதுகாப்பு உரிமமும் பெற்ற பின்னரே விற்க முனைக. வாங்குபவர் யார் என்பதையும் முன்னரே உறுதி செய்துகொள்க. சாயத்தொட்டி நீரைச் சுத்திகரிப்பது தனிக் கடமை. அதனை உணவாக்கித் தீர்க்க இயலாது. ஒரு பொட்டலம் கெட்டாலும் கெடுவது சங்கம் முழுவதன் பெயரன்றோ!