பழைய கைபேசி வாங்குமுன் சற்றுச் சிந்திப்போம்



இன்று கைபேசி இல்லாத வீடு இல்லை என்ற நிலை வந்துவிட்டது. வங்கிக் கணக்கு, ரேஷன் கடைச் செய்தி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், வெளிநாட்டில் வேலை செய்யும் மகனின் முகம், எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆலங்குளம் பகுதியில் பீடி சுற்றி வாழும் குடும்பங்கள்கூடப் பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு கைபேசியைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. புதியது வாங்க வசதி இல்லாதவர்கள் பழையதை நாடினார்கள். அது தவறல்ல. ஆனால் பழைய கைபேசியை எப்படி வாங்குவது என்பதை அறியாமல் வாங்கிப் பணத்தையும் மன அமைதியையும் இழந்தவர்கள் பலர். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

விலை ஏன் இவ்வளவு?

கைபேசிக்கான ஜி.எஸ்.டி. வரி 2020 ஏப்ரல் 1 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. 11,800 ரூபாய் கொடுத்துப் புதிய கைபேசி வாங்கினால், அதில் 1,800 ரூபாய் வரியாகவே போய்விடுகிறது. 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கணினி மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கின. அதனால் சில்லுகளின் விலை ஏறியது. கைபேசிகளின் விலையையும் அது மேலே தள்ளியது. இப்படி விலை ஏற ஏற, பழைய கைபேசிகளை நாடுவோரின் எண்ணிக்கையும் கூடுகிறது.

சந்தை யார் கையில்?

ஒரு காலத்தில் கைபேசி என்றாலே நோக்கியாதான். 2006-இல் திருப்பெரும்புதூரில் அந்நிறுவனம் தொடங்கிய ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதன்பின் சாம்சங் முன்னணியில் இருந்தது. 2017 இறுதியில் சீனாவின் சியோமி அதை முந்தியது. 2024-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஏறத்தாழ 15 கோடி ஸ்மார்ட்போன்களில் அதிக எண்ணிக்கை விவோ நிறுவனத்துடையது. ஆப்பிள் நிறுவனத்தின் பங்கு எண்ணிக்கையில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பண மதிப்பிலோ அதுவே முன்னணி.

இந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அதிகம் விற்கும் நிறுவனத்தின் கைபேசிக்கு உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் நம் ஊரிலேயே கிடைப்பார்கள். சந்தையை விட்டு விலகிய நிறுவனத்தின் கைபேசியை மலிவாக வாங்கினால், திரை உடைந்த அன்றே அது வெறும் பெட்டிதான். விலை உயர்ந்த ஐபோனோ புதிதாக வாங்க முடியாதவர்களின் ஆசைப் பொருளாகிவிட்டது. ஆசை அதிகமாக உள்ள இடத்தில்தான் திருட்டும் ஏமாற்றும் எளிதில் நுழைகின்றன.

மிகப் பெரிய ஆபத்து

பழைய கைபேசியில் நாம் முதலில் பார்க்க வேண்டியது அது யாருடையது என்பதை. ஒவ்வொரு கைபேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க அடையாள எண் உண்டு. கைபேசியைப் பறிகொடுத்தவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த எண்ணை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிவு செய்தால், அந்தக் கைபேசி நாடு முழுவதும் முடக்கப்படும். 2023 மே மாதம் முதல் இவ்வசதி நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. முடக்கப்பட்ட கைபேசியில் யாராவது புதிய சிம் கார்டைப் போட்டால், அந்தத் தகவல் காவல்துறைக்குச் சென்றுவிடும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் அருவிக்கரைக் கூட்டத்தில் ஒருவர் கைபேசியைப் பறிகொடுக்கிறார். அது இரண்டு மூன்று கை மாறி, நம் ஊரில் நாலாயிரம் ரூபாய்க்கு விலைக்கு வருகிறது. "அண்ணாச்சி, நம்ம பையன் போன்தான், நம்பி வாங்குங்க" என்ற வாய்ச் சொல்லை நம்பி ஒரு தாய் தன் சேமிப்பைக் கொடுத்து வாங்குகிறார். சில வாரங்களில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது. கைபேசி உரியவருக்கே போகும், விற்றவரைக் காணோம், தாயின் பணம் போனது போனதுதான். திருடியவருக்கு உரிமை இல்லாத பொருளில், அவரிடம் வாங்கியவருக்கும் உரிமை பிறப்பதில்லை. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும் இதையே சொல்கிறது.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-இன்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றி எழுதுவோருக்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

மற்ற ஆபத்துகள்

கைபேசிக்கும் ஆயுள் உண்டு. தயாரித்த நிறுவனம் பாதுகாப்பு மென்பொருள் அனுப்புவதை நிறுத்தியபின், அதில் வங்கிப் பணிகளைச் செய்வது ஆபத்தானது. ஆண்ட்ராய்டு 4.4 மற்றும் அதற்கு முந்தைய கைபேசிகளில் 2025 ஜனவரி முதல் வாட்ஸ்அப் இயங்குவதில்லை. இரண்டாவது, முந்தைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால், அவருடைய கடவுச்சொல் இல்லாமல் நாம் அதைத் திறக்கவே முடியாது. மூன்றாவது, தவணைக் கடன் முடியாத கைபேசியை வாங்கினால் வழக்கு நம் வாசலுக்கு வரலாம். நான்காவது, உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது; பின்பக்கம் சற்றே தூக்கியிருந்தாலும் அதைத் தொடவே வேண்டாம்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. கைபேசியில் *#06# என்று அழுத்துங்கள். திரையில் தோன்றும் எண்ணும், பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சிம் போடும் கைபேசியில் இரண்டு எண்கள் இருக்கும்.

2. கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணையும் அடித்து, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். கருப்புப் பட்டியலில் உள்ளது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.

3. விற்பவரையே தமது கணக்கை நீக்கச் சொல்லி, அனைத்தையும் அழித்து, நம் கண் முன்னே புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

4. நம் சிம்மைப் போட்டுப் பேசிப் பாருங்கள். கேமரா, ஒலிபெருக்கி, சார்ஜ் ஏறும் இடம், திரையின் நான்கு மூலைகள் ஆகியவற்றையும் சோதியுங்கள்.

5. கடையில் வாங்கினால் ஐ.எம்.இ.ஐ. எண் எழுதிய பில் கேளுங்கள். தனி நபரிடம் வாங்கினால், பெயர், முகவரி, தொகை, தேதி எழுதிய கையெழுத்துச் சீட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பழைய கைபேசியை விற்பவர்களுக்கும் கடமை உண்டு. 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள், பயன்படுத்திய கைபேசியை விற்குமுன் அரசின் தரவுத் தளத்தில் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. நம் வீட்டுக் கைபேசியை விற்கும்போதும் புகைப்படங்களையும் பணப் பரிமாற்றச் செயலிகளையும் அழித்து, சிம் கார்டையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுப்போம். குறைகளை மறைக்காமல் சொல்லுவோம்.

ஏமாந்தவர்கள் வாய்மூடி இருக்க வேண்டாம். கடைக்காரர் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கைபேசி வழியாகப் பணம் திருடப்பட்டால் உடனே 1930.

நம்ப முடியாத மலிவு விலைக்கு ஒரு பொருள் வரும்போது, "இதை இழந்தவர் யார்?" என்று ஒரு நொடி கேட்டுக்கொள்வோம். ஏழாம் கட்டளை திருடுபவருக்கு மட்டும் உரியதன்று. திருட்டுப் பொருளுக்குச் சந்தையாக இருப்பவருக்கும் உரியது. வாங்க ஆளில்லை என்றால் திருட்டும் குறையும். பில்லைக் கேட்டு, எண்ணைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் நம் உழைப்பின் பணத்தையும் அடுத்தவரின் பொருளையும் ஒருசேரக் காக்கும்.