உதடு ஒன்று சொல்ல, காது ஒன்று கேட்க...

கம்ப்யூட்டரில் படம் பார்க்கிறீர்கள். வசனம் உதட்டசைவுக்குச் சற்றுப் பிந்தி வந்தால் பெரும்பாலும் கவனிக்க மாட்டீர்கள். அதே அளவு முந்தி வந்தால் உடனே உறுத்தும். ஏன் இப்படி?

காரணம் நம் மூளையின் பழக்கம். ஆற்றின் அக்கரையில் ஒருவர் கல்லில் துணி துவைக்கிறார். அவர் கை இறங்குவது முதலில் தெரிகிறது. ஓசை பிறகு வருகிறது. ஒலி ஒரு செகண்டில் சுமார் 340 மீட்டர்தான் போகும். எனவே 34 மீட்டர் தூரத்துக்கு 100 மில்லி செகண்ட் தாமதம். இயற்கையில் ஒலி பிந்தலாம், முந்தாது. எனவே பிந்தும் ஒலியை மூளை பொறுத்துக்கொள்கிறது. 1998ல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் டிவி ஒளிபரப்புக்குத் தந்த பரிந்துரையும் இதையே சொல்கிறது. ஒலி 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்; பிந்தினால் 125 வரை தெரியாது.

காதால் மட்டுமா கேட்கிறோம்? 1976ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். "கா" என்று உதடசைக்கும் முகத்தின் மேல் "பா" என்ற ஒலியை ஒட்டினர். பார்த்தவர்களில் பலருக்கு "டா" என்று கேட்டது! கண்ணை மூடினால் மீண்டும் "பா". கண்ணும் காதும் தரும் தகவல்களை மூளை கலந்து, இரண்டுக்கும் பொருந்தும் ஒன்றைத் தீர்மானிக்கிறது. விஷயம் தெரிந்த பிறகும் இந்த மயக்கம் எளிதில் போகாது.

இது வெறும் வேடிக்கை அல்ல. இரைச்சலில் பேசுபவரின் முகம் தெரிந்தால் பேச்சு நன்றாகப் புரியும். காது மந்தமான பெரியவர்களுக்கு இந்த உதவி இன்னும் அவசியம். வீடியோ அழைப்பில் உதடும் குரலும் பிரிந்துபோனால் அவர்கள் தடுமாறுவார்கள். நாமோ "காது கேட்கவில்லை" என்று அவர்களையே குறை சொல்வோம்.

நீங்கள் செய்யக்கூடியவை:

1. விஎல்சி பிளேயரில் (விண்டோஸ்) ஒலி முந்தினால் "கே" கீயையும், பிந்தினால் "ஜே" கீயையும் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி செகண்ட் மாறும்.

2. புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி பிந்தினால் வயர் உள்ள ஸ்பீக்கரை இணைத்துப் பாருங்கள்.

3. வீடியோ அழைப்பில் உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி அமருங்கள். எதிரில் இருப்பவர் உங்கள் உதட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.